மலைவீட்டுக்கு ஏற்ற உயர்ரகப் படுக்கை விரிப்பு எது? – கோத்தகிரி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். திருமணத்திற்குப் பின் மகளும் மாப்பிள்ளையும் முதல் முறையாக வந்து தங்கப் போகிறார்கள் என்பதற்காக, 1000 நூல் எண்ணிக்கை என்று அட்டையில் அச்சிட்ட பளபளப்பான பருத்தி விரிப்பு ஒன்றை 8,500 ரூபாய் கொடுத்துக் கோயம்புத்தூரில் வாங்கியிருக்கிறார். ஐப்பசி மழையில் அதைத் துவைத்தபோது மூன்று நாளாகியும் காயவில்லை என்றும், காய்ந்தது என்று நினைத்து விரித்த பிறகும் படுத்தவுடன் ஈரத்துணி போலச் சில்லிட்டது என்றும், மடித்து வைத்ததில் ஒரு புழுங்கல் வாடை ஏறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். "நூல் எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்றுதானே கடையில் சொன்னார்கள்? ஃப்ளானல் வாங்கலாமா, மூங்கில் இழை வாங்கலாமா, வாங்கியதை என்ன செய்வது?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. குன்னூரில் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் படுக்கைத் துணிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையில் நான் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த வேலையின் இரண்டாவது ஆண்டிலேயே, தொட்டுப் பார்த்தால் பட்டுப்போல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, கனமான விரிப்புகள் நாற்பதை ஒரு விடுதிக்கு வாங்கிக் கொடுத்தேன். கார்த்திகை மாதத்துக்குள் அவற்றில் பாதிக்கு மேல் கரும்புள்ளி விழுந்துவிட்டது. சமவெளியில் நல்ல விரிப்பு என்று பெயர் வாங்கிய துணி மலையில் அதே பெயரை வாங்கும் என்று எண்ணக்கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் கதகதப்பைத் தருவது கம்பளியின் வேலை. விரிப்பின் வேலை உலர்ந்து இருப்பது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு நான் இனிச் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் அந்த 1000 என்ற எண்ணைப் பார்ப்போம். நூல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் பாவிலும் (நீளவாட்டில்) ஊடையிலும் (குறுக்குவாட்டில்) ஓடும் நூல்களைக் கூட்டி வரும் தொகை. நூலின் நயத்தை 40, 60, 80, 100 என்று இன்னோர் எண்ணால் குறிப்பார்கள். இந்த எண் கூடக்கூட நூல் மெலியும். 60-ஆம் எண் நூலின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய 217-இல் ஒரு பங்கு. ஆகவே இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் ஓர் அங்குலத்தில் 217 நூல்களுக்கு மேல் நிற்க இடமில்லை. பாவும் ஊடையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வரவேண்டிய சாதா நெசவில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே துணி நெருக்கமாகிவிடும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 220 முதல் 250 வரை வருகிறது. இன்னும் மெல்லிய நூலும் நெருக்கத்துக்கு இடம் கொடுக்கும் நெசவும் சேர்ந்தால் 400, அதற்குச் சற்று மேல் என்று போகலாம். அப்படியானால் 1000 எங்கிருந்து வருகிறது? ஊடையில் மூன்று, நான்கு மெல்லிய நூல்களை ஒரே வழியில் சேர்த்துச் செலுத்திவிட்டு, அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணினால் வந்துவிடும். இப்படி எண்ணுவது வாங்குபவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகக் கூடும் என்று அமெரிக்க வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2005-லேயே கருத்துத் தெரிவித்தார்கள். எண் பெருகுகிறதே தவிர, துணி மென்மையடைவதில்லை. அது கனக்கிறது, காற்று போகும் வழி அடைபடுகிறது.

அந்தக் கனம்தான் உங்களுடைய எல்லாத் தொல்லைக்கும் காரணம். 108 அங்குல நீளமும் அதே அகலமும் கொண்ட பெரிய விரிப்பின் பரப்பு ஏழரைச் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள துணியில் அதை நெய்தால் 900 கிராம் நிற்கும். 180 கிராம் துணியில் நெய்தால் 1 கிலோ 350 கிராம் நிற்கும். சலவை இயந்திரத்தில் பிழிந்து எடுத்த பிறகும் பருத்தி தன் எடையில் பாதியளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலும் காற்றும் உள்ள ஊரில் அந்தக் கூடுதல் நீர் ஒரு மணி நேரத்தில் போய்விடும். மூடுபனி இறங்கிக் கொடிக்கயிறே நனைந்து நிற்கும் கோத்தகிரியில் அது எங்கே போகும்? காய்ந்த பருத்தியும் சும்மா இருப்பதில்லை. சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்குக் காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, பனிமூட்ட நாளில் இது ஏறக்குறைய இரு மடங்காகிறது. உங்கள் விரிப்பு கனமான வகையாக இருந்தால், வீட்டுக்குள்ளேயே 100 கிராம் நீரைக் கூடுதலாகக் குடித்துவிட்டுப் படுக்கையில் கிடக்கிறது என்று பொருள். நீங்கள் உணர்ந்த சில்லிப்பு கற்பனையே அல்ல, அம்மா.

ஆகவே, கடைக்குப் போனால் அட்டையில் உள்ள எண்ணைக் கேட்பதற்கு முன் விரிப்பைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், உறையைப் பிரித்து, தலையணை உறைகளை எடுத்துவிட்டு, விரிப்பை மட்டும் நிறுத்துப் பார்க்கலாம். பெரிய கட்டிலுக்கான விரிப்பு 850 கிராமுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் இருந்தால் மழைக்காலத்துக்கு அது உங்களுக்கு உதவும். அந்த நாற்பது விரிப்புகளுக்குப் பிறகு, இன்றுவரை இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் எந்த விரிப்பையும் வாங்கியதில்லை.

அடுத்து நெசவு. இதோ, என் கையில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. காமிராவுக்கு அருகே கொண்டு வருகிறேன். இடக்கையில் இருப்பது ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று மாறி மாறிப் போகும் சாதா நெசவு. இதை மெல்லிய, குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூலில் நெருக்கமாக நெய்தால் பெர்கேல் என்கிறார்கள். மொடமொடவென்று, புதிதாகத் தேய்த்த சட்டைபோல இருக்கும். வலக்கையில் இருப்பது சாட்டீன். நான்கு நூல்களைத் தாண்டி ஐந்தாவதில் கீழே இறங்கும் நெசவு. மேற்பரப்பில் நூல் நீண்டு கிடப்பதால்தான் அந்தப் பளபளப்பும் வழுவழுப்பும். வழுவழுப்பான துணி உடம்பில் அதிக இடத்தில் ஒட்டுவதால் குளிர்காலத்தில் தொட்டவுடன் சில்லென்று இருக்கும். அந்த நீண்ட நூல்கள் உராய்ந்து சீக்கிரம் பிசிறும். கடைகளில் சாட்டின் என்ற பெயரில் செயற்கை இழைத் துணியும் கிடைப்பதால், பெயரை மட்டும் நம்பிப் பருத்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெறும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும், ஆனியிலும் ஆடியிலும் நனையும் ஊட்டி, கூடலூர்ப் பக்கத்துக்கும் நான் பரிந்துரைப்பது 60 அல்லது 80-ஆம் எண் ஒற்றை நூலில் (பல நூல்களைச் சேர்க்காமல்) நெய்த, 200 முதல் 300 வரை நூல் எண்ணிக்கையுள்ள பெர்கேல்.

ஃப்ளானல் பற்றிக் கேட்டீர்கள். ஃப்ளானல் நல்ல துணிதான். பருத்தித் துணியின் மேற்பரப்பைச் சுரண்டித் துய், அதாவது மெல்லிய பஞ்சுமயிர், எழுப்பிவிடுகிறார்கள். அந்தத் துய்க்குள் காற்று தங்குவதால் படுத்த நொடியிலேயே வெதுவெதுப்பு தெரியும். மழை நாளில் துவைத்தால் மட்டும் உங்கள் இப்போதைய விரிப்பைவிடத் தாமதமாகத்தான் காயும். ஆனால் மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரை நம் மலையின் பருவமே வேறு. ஊட்டியிலும் கேத்தி, அவலாஞ்சிப் பக்கங்களிலும் இரவில் உறைபனி விழும் அந்த நாள்களில்தான் பகலில் வானம் தெளிந்து சுள்ளென்று வெயில் அடிக்கிறது. காலையில் போட்ட ஃப்ளானல் மாலைக்குள் காய்ந்துவிடும். ஆகவே மழைக்கு இரண்டு பெர்கேல், பனிக்கு ஒரு ஃப்ளானல் என்று வைத்துக்கொண்டால், 8,500 ரூபாய்க்கு ஒன்று வாங்குவதைவிட உங்கள் வீட்டுக்கு அது பொருத்தமாக இருக்கும்.

மூங்கில் இழை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து இழுத்த விஸ்கோஸ். மென்மையானது, மறுக்கவில்லை. ஆனால் பருத்தியைவிடக் கூடுதலாக ஈரம் வாங்கும். பருத்தி நனைந்தால் வலுப்பெறும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். இந்த ஊருக்கு வேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கிளேஸ் காட்டன் என்ற பெயரில் விற்கும் விரிப்புகள் பெரும்பாலும் பாலியஸ்டர். அது சீக்கிரம் காயும் என்பது உண்மை. ஆனால் இரண்டு கம்பளிக்கு அடியில் உடம்பு வியர்க்கும்போது அந்த ஈரத்தை உறிஞ்சாமல் தோலிலேயே விட்டுவிடும். கணப்பும் ஹீட்டரும் வைத்திருக்கும் வீடுகளில், தீப்பொறி பட்டால் அது உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாடையுடன் மெல்லிய சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணிபோல நிற்கும்.

உண்மையான உயர்தரம் எங்கே இருக்கிறது என்றால், பஞ்சின் இழை நீளத்தில் இருக்கிறது. சாதாரணப் பருத்தியின் இழை 28, 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மிகநீள இழைப் பருத்தி 35-ஐத் தொட்டுத் தாண்டும். இழை நீண்டால் நூலில் முனைகள் குறைகின்றன. முனைகள் குறைந்தால் துணியில் சிறு உருண்டைகள் எழுவதில்லை, மெலிந்த நூலும் அறாமல் நிற்கிறது. எகிப்துப் பருத்தி என்ற பெயருக்கு மதிப்பு வந்தது இதனால்தான். அதற்காக அந்தப் பெயரைக் கண்டவுடன் மயங்க வேண்டாம். எகிப்துப் பருத்தி என்று விற்ற விரிப்புகளில் வேறு பஞ்சு இருந்தது தெரியவந்து, 2016-இல் அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனம் ஒன்று அவற்றைத் திரும்பப் பெற்றது. நமக்கு மிக அருகிலேயே, கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் பருத்தி, உலகின் மிக நயமான பருத்திகளில் ஒன்று. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கியதால் இரண்டின் பெயரிலிருந்தும் எடுத்து சுவின் என்று வைத்தார்கள். அது மிகக் குறைவாகவே விளைகிறது, விலையும் கூடுதல். அது கிடைக்காவிட்டாலும், அட்டையில் நீள இழை, கோம்டு (சீவிய) நூல், ஒற்றை நூல் என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கரூரில் ஏற்றுமதிக்கு நெய்யும் ஆலைகளின் துணியில் இந்த விவரங்களை ஒழுங்காகக் குறிப்பிடுகிறார்கள். சென்னிமலைக் கைத்தறி விரிப்புகளையும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பார்க்கலாம். அவை தடித்த நூலில் வருபவை, பல ஆண்டு உழைப்பவை, ஆனால் மழைக்காலத்தில் அவற்றுக்கும் காயும் நேரம் அதிகம்.

கடையில் தடவிப் பார்த்து முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை. ஆலையில் கடைசியாகக் கொடுக்கும் சிலிகான் மெருகு எந்தத் துணியையும் வழுவழுப்பாக்கிவிடும். நாலைந்து சலவையில் அது போய்விடும். துணியை இரண்டு விரல்களுக்கு இடையில் கசக்கி, கஞ்சிப்பொடி உதிர்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நெசவு சீராக இருக்கிறதா, நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிகிறதா என்று பாருங்கள். சுருக்கம் விழாது என்று எழுதியிருந்தால் அது பிசின் ஏற்றிய துணி. சுருக்கம் விழுவது பருத்தியின் இயல்பு. அதை நான் குறையாக நினைப்பதில்லை.

அளவில் பலர் தவறுகிறார்கள். 6 அடி அகலம், ஆறரை அடி நீளம், 8 அங்குல உயரம் உள்ள மெத்தைக்கு நீளவாட்டில் 78 அங்குலத்துடன் இரண்டு பக்க உயரமும் சேர்ந்து 94, இருபுறமும் செருக ஆறாறு அங்குலம் சேர்த்தால் 106 ஆகிறது. 108 அங்குல விரிப்பு 4 விழுக்காடு சுருங்கினாலே 104-க்குக் கீழே வந்துவிடும். ஆகவே முன்பே சுருக்கிய துணியா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீளவாட்டில் 112 அங்குலமாவது இருக்கட்டும்.

கடைசியாக, வாங்கிய விரிப்பைத் தூக்கிப்போட வேண்டாம், அம்மா. அந்த வாடை பூஞ்சையால் வருவது. தை பிறந்து வெயில் வந்ததும், அரைக் கோப்பை வினிகர் விட்ட வாளி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்து அதை மட்டும் தனியாகத் துவைத்து, ஒரு கொடியில் மடித்துப் போடாமல் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்துக் காயவையுங்கள். வாடை போக நீலகிரித் தைலத்தைத் துணியில் தெளிப்பவர்கள் இங்கே உண்டு. எண்ணெய்க் கறை விழும், செய்யாதீர்கள். காய்ந்தபின் இஸ்திரி போட்டு, சூடு முழுவதும் ஆறிய பிறகு மடித்து, பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். தை முதல் சித்திரை வரை அதை விரிக்கலாம். மகளும் மாப்பிள்ளையும் கார்த்திகையிலேயே வருகிறார்கள் என்றால், அந்த ஒரு வாரத்துக்குப் பெர்கேல் ஒன்றை முன்கூட்டியே இரண்டு முறை துவைத்து எடுத்து வையுங்கள். அவர்கள் வரும் நாள் மாலையில் மெத்தைமேல் விரித்தபடியே இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை மெதுவாக ஓட்டிவிட்டுக் கம்பளியைப் போட்டு மூடுங்கள். படுக்கும்போது அந்தச் சில்லிப்பு இருக்காது.