ஹார்ட் டிஸ்க் பாட்டும் ஸ்ட்ரீமிங் பாட்டும் ஒரே இடத்தில் வருமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கும் கேள்வியை அப்படியே வாசித்துவிடுகிறேன். "ஐயா, என்னிடம் இருந்த சிடிக்களை எல்லாம் ஃப்ளாக்காக மாற்றி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். விண்டோஸ் லேப்டாப், யூஎஸ்பி டிஏசி, ஆம்ப்ளிஃபயர், இதுதான் செட். ஃபூபார் 2000-இல் கேட்கிறேன். இப்போது டைடல் சந்தா எடுத்திருக்கிறேன். அதை ஃபூபாருக்குள் கொண்டுவர முடியவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் கேட்க என்ன வழி? இன்னொன்று, டைடலில் 192 என்று போட்ட ஆல்பத்தை ஓட்டினாலும் டிஏசி திரையில் 48 என்றே நிற்கிறது. எனக்கு வருவது லாஸ்லெஸ்தானா? வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போட வேண்டுமா?"

புதியவர்களுக்காக ஒரு வரி. டைடல் என்பது சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு ஸ்ட்ரீமிங் சேவை, ஃபூபார் 2000 கணினியில் பாட்டு ஓட்டும் மென்பொருள். லாஸ்லெஸ் என்றால் தரம் எதுவும் இழக்காதது, ஃப்ளாக் அப்படித் தரம் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை. டிஏசி, டிஜிட்டல் எண்களை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலி சிக்னலாக மாற்றும் கருவி. நேயர் கேள்வியின் நடுவில் இருக்கும் 48 விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரி செய்யாமல் எந்த மென்பொருளைப் போட்டாலும் இதே குறை கூடவே வரும்.

டைடல் உங்களுக்கு 192 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக்கைத்தான் அனுப்புகிறது. மாற்றுவது விண்டோஸ். லேப்டாப்பில் ஓடும் எல்லா ஆப்களின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து டிஏசிக்கு அனுப்ப விண்டோஸுக்குள் ஒரு மிக்ஸர் இருக்கிறது. அது ஒரே ஒரு சாம்பிள் ரேட்டில்தான், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளப்பது என்ற ஒரே எண்ணில்தான் வேலை செய்யும். சவுண்ட் செட்டிங்கில் டிஏசியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் டீஃபால்ட் ஃபார்மட் என்று எது இருக்கிறதோ அதுதான் அந்த ரேட். உங்கள் லேப்டாப்பில் அங்கே 48 இருக்கும். அதனால் 192-உம் 48 ஆகிறது, 44.1-உம் 48 ஆகிறது.

நீங்கள் 192-ஐப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். எனக்கு 44.1 பற்றித்தான் அதிகக் கவலை. ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் பெரும்பாலான பாடல்கள் சிடி தரம், அதாவது 16 பிட், 44.1. அதை 48 ஆக்க வேண்டுமானால் ஒவ்வொரு சாம்பிளையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். இப்போதைய விண்டோஸ் அந்தக் கணக்கை மோசமாகப் போடுவதில்லை, பலருக்குக் காதில் வித்தியாசமே தெரியாது. இருந்தாலும் லாஸ்லெஸ் என்று பணம் கட்டி வாங்கியது டிஏசிக்கு அப்படியே போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான்.

வழி சுலபம். டைடலின் டெஸ்க்டாப் ஆப்பில் சவுண்ட் அவுட்புட்டில் உங்கள் டிஏசியைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதற்கான அமைப்புகளில் எக்ஸ்க்ளூசிவ் மோடை ஆன் செய்யுங்கள். இதற்கு வசாபி எக்ஸ்க்ளூசிவ் என்று பெயர், விண்டோஸ் மிக்ஸரை ஒதுக்கிவிட்டு ஆப் நேராக டிஏசியிடம் பேசும். பிறகு ஒரு 44.1 ஆல்பம், ஒரு 96 ஆல்பம் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பாட்டு மாறும்போது டிஏசிக்குள் டிக் என்று ஒரு ரிலே சத்தம் கேட்கலாம், திரையில் எண் மாறும். மாறினால் வேலை முடிந்தது. பாட்டு ஓடும்போது மெயில் வந்த டிங் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் எக்ஸ்க்ளூசிவ் மோட் இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

கூடவே ஆப்பில் இருக்கும் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் குறையுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நார்மலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். இரண்டுமே பாட்டின் டிஜிட்டல் எண்களை மாற்றுகிறவை. ஃபூபாரிலும் வசாபி எக்ஸ்க்ளூசிவ் அவுட்புட் உண்டு, அங்கேயும் இதையே செய்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டைடலுக்கு எம்க்யூஏ என்ற தனிச் சுருக்க முறையைப் புரிந்துகொள்ளும் டிஏசி வேண்டும் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 2024 ஜூலையிலேயே டைடல் எம்க்யூஏவை விட்டு ஃப்ளாக்குக்கு வந்துவிட்டது. அதற்காகப் புது டிஏசி வாங்கிவிடாதீர்கள்.

சரி, இப்போது பெரிய கேள்வி. ஃபூபாருக்குள் டைடல் ஏன் வரவில்லை? ஒரு மென்பொருள் தன் ஜன்னலுக்குள் ஒரு சேவையின் பாட்டை ஓட்ட வேண்டுமானால், அந்த ஸ்ட்ரீமைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி அந்தச் சேவையோடு ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். டைடலும், அதே போன்ற இன்னொரு சேவையான கோபஸும் அப்படிச் சில மென்பொருள்களுக்குக் கொடுக்கின்றன. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் லாஸ்லெஸ் தருகிறது, ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் தர ஆரம்பித்துவிட்டது. ஆனால் பூட்டில்லாத ஸ்ட்ரீமை அந்த இரண்டும் வெளி மென்பொருளுக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் ரூன் போன்ற பெரிய மென்பொருளில்கூட அந்த இரண்டும் கிடையாது. ஆகவே சேவையையும் மென்பொருளையும் ஜோடியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முதலில் சந்தா, அப்புறம் மென்பொருள் என்று போனால் மாட்டிக்கொள்வோம். உங்களிடம் இருப்பது டைடல் என்பதால் வழி இருக்கிறது.

காசு செலவில்லாத வழி லிரியான் மியூசிக் சர்வர், அதாவது பாடல்களை ஒரே இடத்தில் பட்டியலிட்டு வீட்டில் உள்ள பிளேயர்களுக்கு அனுப்பும் மென்பொருள். லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்ததுதான் 2024-இல் இந்தப் பெயருக்கு மாறியது. ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பிளேயர்களுக்காக வந்தது. அந்தப் பிளேயர்களை லாஜிடெக் நிறுவனம் 2012-இல் நிறுத்திவிட்டது, சர்வரை ஆர்வலர்கள் இன்றுவரை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு டைடல், கோபஸ், டீசர் ஆகிய ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாவற்றுக்கும் ப்ளகின், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள் உண்டு. டைடல் ப்ளகினைப் போட்டு உங்கள் கணக்கை இணைத்தால், டைடலில் நீங்கள் விருப்பத்தில் சேர்த்த ஆல்பங்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க் ஆல்பங்களோடு ஒரே பட்டியலில் அகரவரிசையில் வந்து நிற்கும். ஒரு பாடகரின் பெயரைத் தொட்டால் சொந்தமாக இருப்பதும் ஸ்ட்ரீமிங்கில் இருப்பதும் சேர்ந்தே தெரியும். நீங்கள் கேட்டது இதைத்தான். சர்வரை லேப்டாப்பிலேயே போடலாம். என் விருப்பம், ராஸ்ப்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் பைகோர்பிளேயர் என்ற பிளேயர் மென்பொருளைப் போட்டு டிஏசியை அதில் செருகிவிடுவது. அப்போது விண்டோஸ் மிக்ஸர் தொல்லையே இல்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு போனிலிருந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நாள் செட்டிங்கோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அது உண்மை.

மல்லுக்கட்ட விருப்பமில்லை, சந்தா கட்ட முடியும் என்றால் ரூன். இது 2015-இல் வந்தது, 2023-இல் ஹார்மன் வாங்கிக்கொண்டது. இதன் பலம் தகவல்களைக் கோர்ப்பது. உங்கள் சிடியிலிருந்து எடுத்த ஆல்பமும் அதே ஆல்பத்தின் டைடல் பதிப்பும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஒரே பக்கத்தில் பதிப்புகளாகக் காட்டும். பாட்டு ஓடும்போது கீழே ஒரு சின்ன விளக்கு தெரியும். அது ஊதா நிறத்தில் இருந்தால் முழுப் பாதையும் லாஸ்லெஸ். தொட்டுப் பார்த்தால் மூலக் கோப்பு முதல் டிஏசி வரை எங்கே என்ன நடக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். உங்களைப் போல "எனக்கு வருவது லாஸ்லெஸ்தானா" என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை வேறு மென்பொருளில் நான் பார்த்ததில்லை. ஆனால் ரூன் கட்டணம் தனி, டைடல் கட்டணம் தனி. சொந்தச் சேகரிப்பு சில நூறு ஆல்பங்களாவது இருந்தால்தான் அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து. ஒரே கணினியில் மட்டும் கேட்பவர்களுக்கு ஆடிர்வானா என்ற மென்பொருளும் உண்டு, அதிலும் டைடல், கோபஸ் இரண்டும் வரும்.

போனில் பபிள்யூபிஎன்பி என்ற ஆப்பைப் போட்டு, டிஎல்என்ஏ வழியாக, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் பொது முறையில் அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் ஒன்றைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேடைக் கச்சேரி ஆல்பம் ஒன்றை ஓட்டுங்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடுத்த பாட்டுக்குள் தொடரும் இடத்தில் அரை நொடி அறுந்தால், அந்த பிளேயர் இடைவெளியில்லாமல் ஓட்டவில்லை. சாதாரண டிஎல்என்ஏவில் இந்தக் குறை அடிக்கடி வரும். அதன் மேம்பட்ட வடிவமான ஓப்பன்ஹோம் முறைக்கு ஆதரவு உள்ள பிளேயரில் பட்டியல் பிளேயருக்குள்ளேயே இருப்பதால் அநேகமாக வராது.

ஒரே பட்டியல் எல்லாம் வேண்டாம், தரம் மட்டும் குறையாமல் வந்தால் போதும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. டைடல் கனெக்ட் வசதி உள்ள ஸ்ட்ரீமர், அதாவது நெட்வொர்க்கில் இணைந்து பாட்டை ஓட்டும் பெட்டி ஒன்று போதும். போன் அங்கே வெறும் ரிமோட்தான், பாட்டை ஸ்ட்ரீமரே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். கோபஸுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் இதே போல கனெக்ட் உண்டு. ப்ளூடூத்தில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், வழக்கமான ப்ளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும், லாஸ்லெஸ் அங்கேயே போய்விடும்.

கடைசியாக லேன் கேபிள். சிடி தரம் சுருக்காமல் நொடிக்கு 1,411 கிலோபிட். 24 பிட் 192-ஆக இருந்தாலும் சுருக்காமல் சுமார் 9.2 மெகாபிட், ஃப்ளாக்கில் அதையும்விடக் குறையும். நல்ல வைஃபை இதைத் தாராளமாகத் தாங்கும். சத்தத்தின் தரத்துக்காகக் கேபிள் தேவையில்லை. பாட்டு நடுவில் நின்று நின்று ஓடினால் மட்டும் சர்வருக்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு கேபிள் போட்டுப் பாருங்கள். சர்வர் ஒரு பக்கம், பிளேயர் ஒரு பக்கம் என்று வைத்தால் ஒரே பாட்டு வைஃபையில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. சர்வருக்குக் கேபிள் போட்டால் அதில் பாதி குறைந்துவிடும்.