மஞ்சள் கறுப்பு வரி இருந்தாலே குளவியா?

(திரையில் பூவின் மேல் ஒரு பூச்சி, அருகிலிருந்து)

இது குளவி என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்கியாச்சா? சரி, இறக்கிவிடுங்கள். இது ஈ. கொடுக்கே கிடையாது. ஹோவர்ஃப்ளை என்று பெயர். அந்தரத்தில் ஆணி அடித்ததுபோல் அப்படியே நிற்கும்.

குளவிக்கு இறக்கை நான்கு, ஈக்கு இரண்டு. பாடப்புத்தகத்தில் இதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் குளவியின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கொக்கி போட்டு ஒட்டியிருக்கும். எண்ணினால் இரண்டாகத்தான் தெரியும்! அதனால் முகத்தைப் பாருங்கள். ஈக்கு முகமே கண்தான், உணர்கொம்பு குட்டை. குளவிக்குக் கொம்பு நீளம், இடுப்பும் கிள்ளி எடுத்ததுபோல் இருக்கும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த திருட்டுத்தனம். ஸ்பைலோமியா என்று ஒரு வகை ஈ. இதற்கும் கொம்பு குட்டைதான். அது என்ன செய்கிறது தெரியுமா? முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தலைக்கு முன்னால் ஆட்டுகிறது. பார்ப்பவர்களுக்கு நீளக் கொம்பு ஆடுகிற மாதிரியே இருக்கும். (வீடியோவை மெதுவாக ஓட்டுகிறேன், பாருங்கள்... அந்தக் கால்!) கறுத்த முன்னங்காலைக் கொம்பாக்கிக்கொண்ட இந்த நடிப்புக்கு விருதே கொடுக்கலாம். கொட்டாத பூச்சி கொட்டுகிற பூச்சியின் வேஷம் போடுவதற்கு பேட்ஸ் போலி என்று பெயர். 1862இல் ஹென்றி பேட்ஸ் விளக்கியது. அவர் பார்த்தது அமேசான் பட்டாம்பூச்சிகளை. கதை நீளம், விட்டுவிடலாம்.

அப்புறம் நிஜக் குளவிகள். காகிதக் குளவி பறக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் தொங்கும், கயிற்றில் காயப்போட்ட துணி மாதிரி. மரநாரை மென்று கூழாக்கி, ஒற்றைக் காம்பில் கவிழ்த்த குடைபோல் கூடு கட்டும். அறைகள் வெளியே தெரியும். யெல்லோ ஜாக்கெட் காலை மடக்கிக்கொண்டு பறக்கும். அதன் கூட்டுக்கு மேலே உறை உண்டு, பல நேரம் மண்ணுக்குள் இருக்கும். காலடியில் கூடு இருப்பது தெரியாமல் மிதித்துவிடுவோம் என்பதால் எனக்கு இவர்களிடம்தான் பயம் அதிகம். கதண்டு இதே குடும்பத்தின் பெரியண்ணன், உருவமே காட்டிக்கொடுத்துவிடும்.

கொட்டுவது பெண் குளவி மட்டும். முட்டையிடும் குழாய்தான் கொடுக்காக மாறியிருக்கிறது. காகிதக் குளவியில் ஆணின் கொம்பு நுனி சுருண்டிருக்கும். அதைச் சரிபார்க்கிறேன் என்று கையில் பிடித்து வைக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

(கடைசிப் படம்)

கால் தொங்குகிறது, கொம்பு நுனி சுருண்டிருக்கிறது. இது கொட்டுமா, கொட்டாதா? கமெண்டில் சொல்லுங்கள்.