180.01 எப்படி வந்தது?

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை என்றும் பார்க்காமல் இத்தனை ஆசிரியர்கள் நம் வட்டார வள மையத்துக்கு வந்திருக்கிறீர்கள். மனசு நிறைந்திருக்கிறது.

நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கணினி பக்கம் போனதே நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் வினாத்தாளுக்காக. டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து, பென்டிரைவில் வாங்கி வருவேன். ஒரு தடவை பள்ளிக் கணினியில் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் கிடையாது, அவ்வளவுதான். மறுநாள் தேர்வு. நான்கு பக்கத்தையும் ராத்திரி கையால் எழுதி, காலையில் ஜெராக்ஸ் எடுத்தேன்.

அதற்கப்புறம்தான், எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் நானே அடிப்பது என்று உட்கார்ந்தேன். தமிழ்99 விசைப்பலகை 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் இருக்கும் இடம் கைக்குப் பழகினால் 247 எழுத்தும் வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ. நான்கே தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லித் தருகிறோமே, அதே வழிதான். தினமும் இருபது நிமிடம் அடித்துப் பழகினேன். ஒரு மாதத்தில் விரல் வழிக்கு வந்துவிட்டது.

புதிய பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு இருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பறையில் சிக்னல் கிடைக்காது. அதனால் அந்தக் குறியீட்டுக்குரிய பாட வீடியோவை முந்தின நாளே திக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள்வேன். அதைப் பற்றி இது போதும். இன்று நான் சொல்ல வந்தது ஜியோஜீப்ரா, அதாவது கணக்கு வடிவங்களைத் திரையில் வரைந்து, இழுத்து மாற்றிப் பார்க்க உதவும் செயலி.

ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தன் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது. நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

ஏழாம் வகுப்பில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டச் சொன்னால், கோணமானி வைத்து அளந்த பிள்ளைகளுக்கு 178 வரும், 183 வரும். நாம் 180 என்று சொல்வதால் அழித்துவிட்டு 180 என்று எழுதிக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அளந்ததை நம்பாமல் டீச்சர் சொன்னதை நம்புகிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஜியோஜீப்ராவில் ஒரு முனையை விரலால் இழுத்தால் முக்கோணம் மாறும், கோணங்களும் கூடவே மாறும். முதல் நாள் வரிசையாக வந்து இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் மேல் முனையை அடிக்கோட்டின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, “டீச்சர், முக்கோணம் எங்க போச்சு?” என்றாள். திரையில் 180, 0, 0 என்று இருந்தது. அவளே கூட்டிப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு பையன் எழுந்து, “எனக்கு 180.01 வருது” என்றான். 47.34, 66.34, 66.33. கூட்டிப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் போய், செயலியின் அமைப்புகளில் (settings) தசம இடங்களை அதிகமாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: 47.336, 66.336, 66.328. இரண்டு இடத்துக்கு முழுமையாக்கியதில் மூன்று எண்ணும் கொஞ்சம் ஏறிவிட்டன. மறுநாள் அதுவே பாடமானது. முழுமையாக்கலை அவ்வளவு கவனமாக அந்த வகுப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

அதே வாரம் காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து ஒரே கோட்டில் ஒட்டவும் வைத்தேன். திரை வந்துவிட்டது என்று அதை விட மாட்டேன். கிழிக்கும்போது கைக்குப் புரிவது வேறு.

பயிற்சி என்று கூப்பிட்டு, ஐம்பது ஸ்லைடு ஓட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பினால் ஆசிரியருக்கு எதுவும் ஒட்டாது. எந்தப் பாடத்தில் பிள்ளை திணறுகிறதோ அங்கிருந்து தொடங்கி, அதற்கு ஒரே ஒரு கருவியை எடுத்து, கையால் செய்து பார்க்க வேண்டும். இன்று அப்படித்தான் செய்யப்போகிறோம்.

சரி, எல்லோருக்கும் செயலி இறங்கிவிட்டதா? பின்வரிசையில் இறங்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். திரையில் மூன்று புள்ளிகள் வையுங்கள்.