கையாளாகவே காலம் போகலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்துக் கரையோரமான குருநகர், நாவாந்துறைப் பக்கம் போனால், சைக்கிளில் சோற்றுப் பார்சலைக் கொழுவிக்கொண்டு கூலி வேலைக்குக் கிளம்பும் தம்பிமாரைக் காணலாம். கடல் கொந்தளித்தால் கட்டட வேலை, அதுவும் இல்லாவிட்டால் வீடு. வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு நின்றாலே புள்ளிவிபரத்தில் அவர் தொழில் உள்ளவர். மூன்று நாள் சாந்து குழைத்துக் கல் தூக்கினால் குடும்பம் ஓடுமா என்பதை அந்தக் கணக்குக் கேட்பதில்லை.

பல வருடம் மேசனுக்குக் கையாளாக நின்றவருக்குப் பாதி வேலை பார்த்தே பழகியிருக்கும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கடலோரக் கிணற்று உவர்நீரில் கொங்கிறீற் குழைத்தால் உள்ளே கம்பி கறள் பிடிக்கும். கறள் ஊத, கொங்கிறீற் வெடித்துப் பொருக்காகக் கழரும். நம்மூரில் எத்தனை பிளாற்றில் இதைப் பார்க்கிறோம்!

அத்திவாரம் வெட்டமுதல் மூலை சரியா என்று பார்க்க வேண்டும். நூல் பிடித்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடியில் குறி வைத்தால், குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும். பைதகரசின் தேற்றம்தான். சாதாரண தரக் கணக்கில் கோட்டைவிட்ட பொடியன் அதை நிலத்தில் அளந்து பிடிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, இதையெல்லாம் சொல்லித்தரும் தொழிற்பயிற்சி வகுப்புக்கு இவர்கள் ஏன் வருகிறார்கள் இல்லை? மாதக்கணக்கில் முழுநாள் வகுப்பென்றால் அன்றாடக் கூலிக்காரர் எப்படி வருவார்? அன்றிரவு அடுப்பு எரிய வேண்டாமா? வராதவரைச் சோம்பேறி என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. பயிற்சி நாளுக்குப் படிக்காசு கொடுங்கள். முடியாவிட்டால் வேலைத்தளத்திலேயே, வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொடுங்கள். தங்கச்சிமாரையும் கூப்பிடுங்கள். மாபிள் பதிப்பதற்கும் பெயின்ற் அடிப்பதற்கும் நிதானமான கைதான் வேண்டும்.

தேசிய தொழிற்றகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், 7 படிகள் உண்டு. வேலை ஏற்கனவே தெரிந்தவர் வகுப்பில் குந்தியிருக்கத் தேவையில்லை. மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டி 3ஆம், 4ஆம் படிச் சான்றிதழை எடுக்கலாம். இது கையாள்களில் பலருக்குத் தெரியாது. மேசன்மார் சிலர் தெரிந்தும் சொல்வதில்லை, நல்ல கையாளை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்?

பிரதேச செயலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ இதைப் பற்றிக் கேளுங்கள். போகும்போது அடையாள அட்டையோடு, நீங்கள் கட்டிய சுவர், பூசிய பூச்சு இவற்றின் படங்கள் போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.