வெளியிலிருந்து வந்த விலங்கு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘கதைகளில் கள்ளமற்ற உள்ளம் கொடுமையில் வீழ்வதற்குப் பெரிதும் காரணம் மனித இயல்பா, சூழலா?’ என்னும் வழக்கில், சூழலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், வில்லியம் கோல்டிங் 1954-இல் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலைத் தம் பெருஞ்சான்றாக வைத்தார். விமானம் வீழ்ந்து, பெரியவர் எவருமில்லாத தீவில் சிக்கிய ஆங்கிலேயச் சிறுவர்கள், முதலில் சங்கு ஊதிச் சபை கூட்டியவர்கள், இறுதியில் தம்முள் இருவரைக் கொன்றுவிட்டு மூன்றாமவனை வேட்டையாடினார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் அந்தக் கொடுமை உள்ளிருந்துதானே வந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அதே நூலை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தச் சிறுவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். அணுகுண்டு வீசப்பட்ட ஒரு போரிலிருந்து அவர்கள் வந்தார்கள். அவர்களுள் ஜாக் என்பவன், கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிந்த சேர்ந்திசைக் குழுவை இரட்டை வரிசையில் நடத்திக்கொண்டு அறிமுகமாகிறான். பள்ளியில் தான் மாணவர் தலைவன் என்பதால் இங்கும் தானே தலைவனாக வேண்டும் என்று உரிமை கோருகிறான். ஏவுவதும் ஏவலுக்குப் பணிவதும் அந்தத் தீவில் முளைத்தவை அல்ல; அவன் படித்த பள்ளியிலிருந்து அங்கியோடு கூடவே வந்து இறங்கியவை.

சரி, அந்தச் சிறுவர்கள் கண்டு அஞ்சிய ‘விலங்கு’ எப்படி வந்தது? முதலில் அது சின்னஞ்சிறுவர்களின் இரவுக் கனவு மட்டுமே. பெரியவர்களின் உலகிலிருந்து ஒரு செய்தி, ஓர் அடையாளம் வரக்கூடாதா என்று மூத்த சிறுவர்கள் ஏங்குகிறார்கள். அன்றிரவே அது வருகிறது: வான்போரில் மாண்ட ஒரு வீரனின் உடல் பாராசூட்டோடு மலைமேல் வந்து விழுகிறது. காற்றில் அது நிமிர்வதையும் சாய்வதையும் கண்டவர்கள் அதையே விலங்கென்று நம்பினார்கள். பெயரற்றிருந்த அச்சத்திற்கு உருவம் கொடுத்தது பெரியவர்கள் நடத்திய போர்தான். அந்த அச்சத்தை ஜாக் பயன்படுத்திக்கொண்டான். இறைச்சி தருகிறேன், விலங்கிடமிருந்து காக்கிறேன் என்றவனின் பின்னே கூட்டம் போயிற்று.

ஜாக்கின் கூட்டத்துச் சிறுவன் ரோஜரைப் பற்றி எதிரணியினர் மிக விரிவாகப் பேசினார்கள். நானும் அவனிடமே நிற்க விரும்புகிறேன். தொடக்கத்தில் அவன் ஒரு சிறுவனை நோக்கிக் கல் எறிகிறான். ஆனால் ஒவ்வொரு கல்லும் குறிதவறி விழும்படியே எறிகிறான். பெற்றோரும் பள்ளியும் சட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் அந்தச் சிறுவனைச் சுற்றி வேலி கட்டி நிற்பதால் அவன் கை தயங்குகிறது என்று ஆசிரியரே விளக்குகிறார். அவ்வளவு தூரம் கடந்தும் அந்த வேலி நிற்கிறது என்றால், அதை உடைத்தது எது? வேலி தானாக இற்றுவிழுந்தது என்கிறது எதிரணி. நூல் வேறொன்றையும் காட்டுகிறது. காரணமே கூறாமல் ஒரு சிறுவனைக் கட்டிவைத்து அடிக்க ஜாக் ஆணையிட்டிருக்கிறான் என்று ரோஜர் கேள்விப்படுகிறான். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரம் எத்தனை வசதியானது என்பதை அங்கேதான் உணர்ந்துகொள்கிறான். அதற்குப் பின்னரே அவன் பாறையைப் புரட்டிப் பிக்கி என்ற சிறுவனைக் கொல்கிறான்.

எதிரணியின் மிக வலிய வாதம், பிக்கியின் சாவுக்கு முன்பே நடந்த, சைமன் என்ற சிறுவனின் கொலை. இடியும் மின்னலுமான இரவில், வேட்டை ஆட்டம் ஆடிய வட்டத்துள் தவழ்ந்து வந்த சைமனை விலங்கென்று எண்ணி அடித்துக் கொன்றபோது, நல்லவர்களான, சிறுவர்கள் தேர்ந்தெடுத்த தலைவன் ரால்ஃபும் அவன் தோழன் பிக்கியும்கூட அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார்கள். இதை நான் மறைக்கப்போவதில்லை. படிக்கும்போதெல்லாம் மனம் பதறும் பகுதி அது. ஆனால் அதுவரை அந்த இருவரும் தனித்திருந்த எந்த வேளையிலும் ஓர் உயிரைக் கொல்ல முனைந்ததில்லை. அவர்களை ஈர்த்தது அந்த வட்டம், அந்தக் கூச்சல், அந்த இரவின் அச்சம்.

‘மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு
இனத்துள தாகும் அறிவு’

என்றார் வள்ளுவர். மனத்தில் இருப்பதுபோலத் தோன்றுவது, உண்மையில் சேர்ந்த கூட்டத்தில் இருக்கிறது. அறிவுக்கு அவர் சொன்னது, அந்த இரவில் அறிவு இழந்ததற்கும் பொருந்துகிறது.

மனித இயல்பின் குறையையே தம் நூல் காட்டுவதாகக் கோல்டிங்கே கூறியிருக்கிறார் என்றும் சொன்னார்கள். உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய மனிதர் அவர். அந்த முடிவுக்கு அவரைத் தள்ளிய கொடுமைகளை இழைத்தவர்கள் கைவிடப்பட்ட குழந்தைகள் அல்லர், அரசுகளின் ஆணைக்குப் பணிந்த பெரியவர்கள்.

எதிரணியினர் கதையைத் தாண்டி, எந்தச் சிறுவரை எந்தத் தீவில் விட்டாலும் இதுவே நடக்கும் என்று பொதுவிதி வகுத்ததால், நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. 1965-இல் டோங்கா நாட்டுப் பள்ளிச் சிறுவர் ஆறு பேர், படகு சேதமாகி, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினர். ஓராண்டுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தனர். மூட்டிய தீயை அணையாமல் காத்தனர். சண்டை வந்தால் பிரிந்துபோய்ச் சினம் தணிந்து திரும்பினர். கால் முறிந்த தோழனுக்குக் கட்டுப்போட்டுப் பேணினர். 1966-இல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் அவர்களை மீட்டபோது அறுவரும் உயிரோடிருந்தனர்.

நிறைவாக, எனக்குப்பின் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். கொடுமையே மனித இயல்பென்றால், அதே குழுவில், அதே கறுப்பு அங்கியில் வந்த சைமன், எட்டாத கிளையின் கனிகளைப் பறித்துச் சின்னஞ்சிறுவர்களின் நீட்டிய கைகளில் கொடுத்தானே. மலைமேல் தனியாக ஏறி, இறந்த வீரனின் உடலைச் சிக்கலிலிருந்து விடுவித்து, அஞ்சத் தேவையில்லை என்று சொல்லத்தானே அன்றிரவு இறங்கி வந்தான்? அவனுடைய இயல்பு எங்கிருந்து வந்தது என்பதை அவர் இந்த அவைக்கு விளக்கட்டும். நன்றி, வணக்கம்.