சதர்ன் கிரீன் பீன்ஸ் ஒன்றரை மணி நேரம் வெந்தும் ஏன் நறுக்குனு இருக்கு? உங்கள் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நார்த் கரோலினால ஷார்லட்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. அப்படியே படிக்கிறேன். “அக்கா, எங்க ஆபீஸ்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு பாட்லக். பேக்கன் போட்ட சதர்ன் கிரீன் பீன்ஸ் நான் கொண்டு வர்றேன்னு பேர் கொடுத்துட்டேன். ஒரு தடவை செஞ்சு பாத்தேன். பேக்கனை வதக்கி, வெங்காயம், தக்காளி, ரெண்டு ஸ்பூன் வினிகர், பிராத் எல்லாம் ஊத்தி ஒன்றரை மணி நேரம் வேக வெச்சேன். பச்சை கலர் மொத்தமா போயிடுச்சு. ஆனா பீன்ஸ் இன்னும் நறுக் நறுக்குனு இருக்கு. கலர் போகாம, நல்லா வேகற மாதிரி செய்ய வழி இருக்கா? ஆப்ப சோடா போடலாமா?”

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பாட்லக்னா ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வந்து பகிர்ற விருந்து, பேக்கன்னா உப்புப் போட்டுப் புகையில வெச்ச பன்றிக்கறி, பிராத்னா கறியோ காயோ வேக வெச்ச சாறு. சதர்ன் கிரீன் பீன்ஸ்னா அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்ல பீன்ஸை மெதுவா ரொம்ப நேரம் வேக வெச்சு செய்றது.

தம்பி, உங்க கேள்வியிலயே பதில் இருக்கு. வினிகரும் தக்காளியும். கலர் சீக்கிரமா போனதும் அதாலதான், காய் வேகாததும் அதாலதான்.

நம்ம வீட்டுல சாம்பார் வைக்கிறத நெனச்சுப் பாருங்க. புளியை எப்ப ஊத்துவோம்? காய் வெந்ததுக்கு அப்புறம். முதல்லயே புளித்தண்ணி ஊத்திட்டா, முள்ளங்கியோ அவரைக்காயோ எவ்வளவு நேரம் கொதிச்சாலும் வெரப்பாவே நிக்கும்னு அம்மா சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதே கதைதான் இங்கயும். காயை கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கிறது பெக்டின்னு ஒரு பொருள். சுடுதண்ணில அது கரைஞ்சு விட்டுக் கொடுத்தாத்தான் காய் மெத்துனு ஆகும். தண்ணில புளிப்பு இருந்தா அது விட்டுக் கொடுக்காது. நீங்க ஒன்றரை மணி நேரம் இல்ல, ரெண்டரை மணி நேரம் வெச்சிருந்தாலும் பெரிசா மாறியிருக்காது.

கலருக்கும் அதே புளிப்புதான் காரணம். பச்சையம் இருக்குல்ல, குளோரோஃபில், அதோட நடுவுல ஒரு மக்னீசியம் உக்காந்திருக்கும். சூட்டுல புளிப்பு பட்டா அந்த மக்னீசியம் கழண்டு போயிடும், உடனே காய் ஆலிவ் கலருக்கு மாறிடும். நீங்க வினிகரே ஊத்தலைன்னாலும் பீன்ஸுக்குள்ளயே கொஞ்சம் அமிலம் இருக்கு, வேக வேக அது வெளிய வரும். அதனாலதான் பொரியலுக்கு அஞ்சாறு நிமிஷத்துல இறக்கினா பளிச்சுனு இருக்கு, மறந்து விட்டுட்டா மங்கிடுது.

இப்ப ஆப்ப சோடா. போட்டா பச்சையா இருக்கும், சீக்கிரம் வெந்தும் போகும். உங்களுக்கு வேணுங்கிற ரெண்டும் கிடைக்கிற மாதிரி தெரியும். ஆனா போடாதீங்க. தோல் வழவழனு கூழாயிடும், வாயில ஒரு சோப்பு வாடை வரும், தயமின்ங்கிற பி1 சத்தும் அதுல அழிஞ்சுடும். மெத்துனு வேகறதும் கூழாகறதும் ஒண்ணு இல்ல. ஒழுங்கா வெந்த சதர்ன் பீன்ஸ் கரண்டில எடுத்தா முழுசா வரும், நாக்கால அமுக்கினா அப்படியே அமுங்கும்.

அதனால கலர் போகாம செய்ய வழி கேக்காதீங்கன்னு சொல்றேன். கோச்சுக்காதீங்க, ஏன்னு சொல்றேன். நான் ஜார்ஜியா வந்த புதுசுல பக்கத்து வீட்டுல ஒரு வயசான கறுப்பினத்து அம்மா இருந்தாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து, மடியில ஒரு பேசினை வெச்சுக்கிட்டு பீன்ஸ் ஆய்வாங்க. கத்தியே கிடையாது. காம்பைக் கிள்ளி, நாரை இழுத்து, ரெண்டா மூணா ஒடிப்பாங்க. டக் டக்னு அந்த சத்தம் எங்க வீட்டு வரைக்கும் கேக்கும். அந்த ஒடியற சத்தத்தாலதான் இந்த ஊர்ல அதுக்கு ஸ்னாப் பீன்ஸ்னு பேரு. ஒரு நாள் எனக்கு ஒரு கிண்ணத்துல கொடுத்து விட்டாங்க. பாத்ததும் எனக்கு சங்கடமா இருந்துச்சு. காக்கி கலர்ல, தொவண்டு போயி, அடில தண்ணியோட. வெந்து வீணாப்போன பீன்ஸ்னு நெனச்சேன். சாப்பிட்டேன் பாருங்க, அந்தத் தண்ணியை கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சேன். புகை வாசம், கொழுப்பு, மிளகு, பீன்ஸோட இனிப்பு, எல்லாம் அந்தச் சாறுலதான் இருந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, நான் அதைப் பொரியலோட ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு. இது வேற சாப்பாடு. இதுல காய் பாதி, சாறு பாதி.

அந்தச் சாறுக்கு பாட் லிக்கர்னு பேரு. பானையில மிஞ்சுற சாறுன்னு அர்த்தம். சாராயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதையும் சில பேர் கேட்டிருந்தீங்க. கீரை வேக வெச்ச தண்ணிக்கும், பீன்ஸ் வேக வெச்ச தண்ணிக்கும் அதே பேர்தான். அடிமை முறை இருந்த காலத்துல இந்தத் தெற்கு மாநிலங்கள்ல அடிமைப்படுத்தப்பட்ட மக்களுக்கு வாரத்துக்கு இவ்வளவுன்னு சோளமாவும் உப்புப் போட்ட பன்றிக்கறியும் அளந்து கொடுப்பாங்க. அந்தக் கொஞ்சூண்டு கறியை வெச்சு ஒரு பானை காய்க்கே ருசி ஏத்தினாங்க, அந்தச் சாறுல சோள ரொட்டியைத் தொட்டு வயித்தை நெரப்பினாங்க. இன்னிக்கு தேங்க்ஸ்கிவிங் மேசைல கௌரவமா உக்காந்திருக்கிற இந்தக் கிண்ணம் அந்தக் கைகள்ல இருந்து வந்தது. அதை நெனைக்காம என்னால இதைச் செய்ய முடியறதில்ல.

வெள்ளைக்காரங்க வீடுகள்லயும் அதே அளவுக்கு இது ஊறிப்போன சாப்பாடு. 1931-ல லூசியானா கவர்னர் ஹியூயி லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகைக்கும் நடுவுல ஒரு பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. பாட் லிக்கர்ல சோள ரொட்டியை முக்கிச் சாப்பிடணுமா, உதுத்துப் போட்டுச் சாப்பிடணுமா? கவர்னர் முக்கணும்னு நின்னாரு, பத்திரிகை உதுக்கணும்னு நின்னுச்சு. நாடு முழுக்க அது செய்தியாச்சு. நான் முக்குற கட்சி.

சரி, செய்முறைக்கு வர்றேன். பாட்லக்குக்கு சுமார் 10 பேர் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கற மாதிரி சொல்றேன். 2 பவுண்டு பீன்ஸ், அதாவது 900 கிராம். கடையில பிளாஸ்டிக் பையில ஒல்லி ஒல்லியா அரிகோ வேர்னு ஒரு பிரெஞ்சு பீன்ஸ் இருக்கும், அது வேண்டாம், ரொம்ப நேரம் வேக வெச்சா அது தாங்காது. கொஞ்சம் தடிமனான, சாதாரண பீன்ஸா பாருங்க. உழவர் சந்தைக்குப் போனீங்கன்னா கென்டக்கி வொண்டர், ஹாஃப் ரன்னர்னு கேட்டுப் பாருங்க. உள்ள விதை நல்லா பருத்திருக்கும், அந்த ருசியே தனி. ஆனா ஹாஃப் ரன்னர்ல நார் ஜாஸ்தி, பொறுமையா ரெண்டு பக்கமும் உரிச்சுடணும். கடைல வாங்குறதுல இப்ப நாரே இருக்காது. நியூயார்க் மாநிலத்துல லீ ராய்ங்கிற ஊர்ல கால்வின் கீனின்னு ஒருத்தர் நாரில்லாத ரகத்தை உருவாக்கினாரு, 1894-ல பர்ப்பி விதைக் கம்பெனி அதை விக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் நார் உரிச்சுத்தான் பீன்ஸ் சமைக்கணும். இன்னிக்கும் வயசானவங்க ஸ்ட்ரிங் பீன்ஸ்னுதான் சொல்வாங்க.

பேக்கன் 6 துண்டு, தடிமனா வெட்டினது. ஒரு இன்ச் அளவுக்கு நறுக்கிக்கங்க. இங்க ஒரு விஷயம். நாம எண்ணெய் காஞ்சதும்தான் எதையும் போட்டுப் பழக்கம். பேக்கனுக்கு அப்படி இல்ல. அடி கனமான பாத்திரத்துல, சூடு இல்லாதப்பவே பேக்கனைப் பரப்பிட்டு, அப்புறமா அடுப்பை சின்னதா பத்த வைங்க. மெதுவா சூடேறினாத்தான் கொழுப்பு உருகி வெளிய வரும். சூடான பாத்திரத்துல போட்டா வெளிய கருகிடும், கொழுப்பு உள்ளயே நின்னுடும். ஒரு 10 நிமிஷம் ஆகும். ஓரம் லேசா செவந்ததும் பாதி பேக்கனை எடுத்து தனியா வெச்சிடுங்க, மீதி பாதி பாத்திரத்துலயே இருக்கட்டும். சில பேர் எல்லாத்தையும் எடுத்து மொறுமொறுனு மேல தூவுவாங்க, சில பேர் எதையுமே எடுக்க மாட்டாங்க. உள்ள இருக்கிறது சாறுக்கு ருசி கொடுக்கும், மேல தூவுறது பல்லுக்கு. எனக்கு ரெண்டும் வேணும்.

உருகின கொழுப்பு ரெண்டு மூணு ஸ்பூனுக்கு மேல இருந்தா எடுத்து வெச்சுடுங்க. அதுலயே ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு வதக்கி, 3 பல் பூண்டைத் தட்டிப் போட்டு, ஆய்ஞ்சு வெச்ச பீன்ஸைக் கொட்டி ஒரு பெரட்டு பெரட்டுங்க. 4 கப் சிக்கன் பிராத், உப்புக் குறைவானதா பாத்து வாங்குங்க. ஒரு ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை. காரம் வேணும்னா கொஞ்சம் சில்லி ஃப்ளேக்ஸ். உப்பு இப்ப போடக்கூடாது. பேக்கன்லயும் பிராத்லயும் ஏற்கனவே உப்பு இருக்கு, தண்ணி சுண்டச் சுண்ட அது ஏறிக்கிட்டே போகும். இறக்குறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி சாறை ருசி பாத்து அப்புறம் போடுங்க.

ஒரு கொதி வந்ததும் சிம்ல வெச்சு, மூடியை லேசா ஒதுக்கி மூடிடுங்க. தளதளனு கொதிக்கக் கூடாது, அங்கங்க ஒரு குமிழ் வந்தா போதும். 1 மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம். நடுவுல தண்ணி வத்தினா சுடுதண்ணி சேருங்க. சின்ன உருளைக்கிழங்கு போடறது இந்தப் பக்கம் ரொம்ப வழக்கம். போடறதா இருந்தா கடைசி அரை மணி நேரத்துல போடுங்க, தோலோடயே.

வினிகரை நான் ஒரேயடியா வேண்டாங்கல. கொழுப்பை வெட்டிவிட ஒரு புளிப்பு நல்லாத்தான் இருக்கும். அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம் ஒரு ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர் ஊத்தி கலக்குங்க. தக்காளியும் பிடிக்கும்னா காய் மெத்துனு ஆனதுக்கு அப்புறம் சேருங்க. சாம்பார்ல புளி மாதிரியேதான்.

சத்தெல்லாம் போயிடாதான்னு இன்னொரு கேள்வியும் இதோட சேந்து வந்திருக்கு. வைட்டமின் சி பெரும்பாலும் போயிடும், அதை மறைக்க வேண்டாம். ஆனா பொட்டாசியம் மாதிரி தாது எல்லாம் தண்ணில இறங்குறதுதான், அழியறது இல்ல. சாறைக் கீழ ஊத்தாம குடிச்சா அது உங்களுக்கே வந்து சேரும். கிண்ணத்துல பரிமாறுறதும் சாறோடதான் பரிமாறணும், வடிகட்டிக் கொண்டு போகாதீங்க.

பன்றி சாப்பிடாதவங்க இருப்பாங்களேன்னு கேட்டீங்கன்னா, பாட்லக்ல கண்டிப்பா இருப்பாங்க. புகையில போட்ட டர்க்கி கால் கடையில கிடைக்கும். இந்த ஊர்ல நிறைய வீடுகள்ல இப்ப அதைப் போட்டுத்தான் செய்றாங்க. பேக்கன் மாதிரி கொழுப்பு வராது, அதனால ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேத்துக்கங்க. ஹலால் பாக்குறவங்களுக்கு ஹலால் முத்திரை பாத்து வாங்குங்க. முழு சைவம்னா வெண்ணெய்ல வெங்காயத்தை நல்லா செவக்க வதக்கி, காய்கறி பிராத்தும், புகை வாசம் உள்ள மிளகாய்த்தூளான ஸ்மோக்ட் பாப்ரிக்காவும் போட்டு செய்யலாம். நல்லாவே இருக்கும். எது போட்டீங்களோ அதை ஒரு சீட்டுல எழுதி பாத்திரத்துக்குப் பக்கத்துல வெச்சிடுங்க. பேக்கன் இருக்குன்னு தெரியாம யாரும் ஒரு வாய் கூட எடுத்துடக் கூடாது.

டப்பா பீன்ஸ்ல செய்யலாமான்னா, செய்யலாம். அது டப்பாலயே வெந்ததுதான், 25 நிமிஷம் போதும். தண்ணியை வடிச்சு அலசிட்டுப் போடுங்க, அதுல உப்பு ஜாஸ்தி. இன்ஸ்டன்ட் பாட்ல, அதாவது கரண்ட் பிரஷர் குக்கர்ல வெச்சா 10 நிமிஷத்துல காய் வெந்துடும், ஆனா சாறு சுண்டறதுக்கு அங்க வழியில்ல. நேரம் இல்லாத நாளுக்கு அது சரி, தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுப்புலயே வைங்க.

மலைப்பக்கம், அப்பலேச்சியால, பீன்ஸை முழுசா ஊசி நூல்ல பூ கோக்கிற மாதிரி கோத்து, திண்ணைல தொங்க விட்டுக் காய வைப்பாங்க. லெதர் பிரிச்சஸ்னு பேரு. நம்ம கொத்தவரங்காய் வத்தல் மாதிரி சுருங்கிப் போயிருக்கும். குளிர்காலத்துல ஊற வெச்சு, இதே மாதிரி பன்றிக்கறியோட மணிக்கணக்கா வேக வைப்பாங்க. ஷார்லட்ல இருந்து மலை உங்களுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான் தம்பி, அந்தப் பக்கம் போனா சந்தைல விசாரிச்சுப் பாருங்க.

பாட்லக்குக்கு முந்தின நாள் ராத்திரியே செஞ்சுடுங்க. இறக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சிடணும். காலைல மேல வெள்ளையா கொழுப்பு உறைஞ்சிருக்கும், ஜாஸ்தியா தெரிஞ்சா ஸ்பூனால வழிச்சுடலாம். ஆபீஸ்ல மைக்ரோவேவ்ல நல்லா ஆவி பறக்க சூடு பண்ணிட்டு, அப்புறம் ஸ்லோ குக்கர்ல சூடா வெச்சிருங்க. எடுத்து வெச்ச பேக்கனை தனி டப்பால கொண்டு போய் சாப்பிடுறதுக்கு முன்னாடி மேல தூவுங்க. பக்கத்துலயே ஒரு கரண்டி, ஆழமான சின்ன கிண்ணங்கள், ஒரு தட்டு கார்ன்பிரெட், அதான் அந்தச் சோள ரொட்டி. அந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்க யாராவது அந்தச் சாறுல ரொட்டியை முக்குறாங்களான்னு பாத்து எனக்கு எழுதுங்க.