கத்திரி வெயிலும் கோழியின் குடலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மே மாதம், கத்திரி நடந்துகொண்டிருந்த நேரம். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து போன் வந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான் பேசினார். "டாக்டருங்களா, கோழி பெருசா ஒண்ணும் சாகலீங்க. ஆனா எடையே ஏற மாட்டேங்குதுங்க. ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் 2 மணி. முப்பது நாள் கோழிகள், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா குனிந்து, தரையில் கிடந்த எச்சத்தை ஒரு குச்சியால் கிளறினார். நீர்த்துப்போயிருந்தது. நடுவில் மக்காச்சோளக் குருணை அப்படியே கிடந்தது. "தின்னது தின்னபடியே வருதுங்க" என்றார். பலரும் செத்த கோழியை மட்டும்தான் எண்ணுவார்கள். அவர் எச்சத்தைப் பார்த்திருந்தார்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். ஷெட்டில் வெயில் ஏறினால் இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கூடவே ரத்தத்தைத் தோலுக்கும் கொண்டைக்கும் கால்களுக்கும் திருப்பிவிடுகிறது. அப்படித் திருப்பும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆக்சிஜனும் குறைகிறது.

குடலின் உட்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல்தான். பக்கத்துப் பக்கத்துச் செல்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்பு சூட்டில் தளர்ந்துவிடும். குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய பாக்டீரிய நச்சுகள் ரத்தத்துக்குள் கசியும். சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். கசிந்த நச்சை எதிர்த்துப் போராடவே கோழி தன் சத்தைச் செலவழிக்கிறது. அப்புறம் சதை எங்கிருந்து பிடிக்கும்?

"வெயிலுக்குத் தீவனம் எடுக்கல, அதான் எடை இல்லை" என்பது பாதி உண்மைதான். குளிர்ந்த அறையில் உள்ள கோழிகளுக்கும், வெயிலில் வாடும் கோழிகள் தின்கிற அதே குறைந்த அளவு தீவனத்தையே ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் வெயில் கோழிகள்தான் எடையில் பின்தங்கின. கோழி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு வளர்ப்பவருக்குத் தீவன மாற்று விகிதத்தை, அதாவது ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவாகிறது என்பதைப் பொறுத்தே கூலி கூடும், குறையும். அதனால் இந்த நஷ்டம் நேராக அவர் வீட்டுக்குத்தான் வருகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

சரி, என்ன செய்யலாம்? தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். காலையில் வயிறு நிறையத் தின்ற கோழிக்கு, அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாக வந்து சேரும். அதனால் வளர்ந்த கோழிகளுக்குக் காலை 10 மணிவாக்கில் தீவனத் தட்டுகளை உயர்த்திவிடுங்கள். வெயில் தணிந்த பிறகு எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். ஒவ்வொன்றாக இறக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொள்ளும். இரவில் விளக்குப் போட்டுத் தின்னவிடலாம்.

தண்ணீர் எந்நேரமும் ஓட வேண்டும். அந்தப் பண்ணையில் கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளில் கடைசி ஒன்றைத் தட்டி, தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். சுட்டது. மேலே கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதற்குத் தென்னங்கீற்று வேயச் சொன்னேன். மதியத்தில் குழாய்த் தண்ணீரை ஒன்றிரண்டு முறை திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றச் சொன்னேன். இரைப்பில் கரியமில வாயு அளவுக்கு மீறிப் போய்விடுவதால் ரத்தத்தின் அமிலக் காரச் சமநிலை கெடுகிறது, உப்புச் சத்துகளும் வெளியேறுகின்றன. அதற்காகத்தான் தண்ணீரில் எலக்ட்ரோலைட் என்கிற உப்புச் சத்துக் கலவையைக் கொடுக்கிறோம்.

எச்சம் நீர்த்ததும் ஆன்டிபயாடிக் கலந்துவிடாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெயிலில் கோழி தண்ணீரை அதிகம் குடிப்பதாலேயே எச்சம் நீர்க்கும். ஆனால் ரத்தம் கலந்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பலவீனப்பட்ட குடலில் ரத்தக் கழிச்சலும் குடல் அழற்சியும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. கோடை மழை பெய்து ஓய்ந்த மாலையில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் பனிபோலத் தண்ணீரைத் தூவும் ஃபாகரை ஓடவிட்டால் புழுக்கம்தான் கூடும். அதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். தரையில் பரப்பிய ஆழ்கூளம் நனைந்திருந்தால் அதை அன்றைக்கே கிளறிவிடுங்கள்.

வணக்கம்.